எனக்காகப் பிடித்து வைத்த நாற்காலி

சிங்கப்பூரில் ஒரு டிஷ்யூ பாக்கெட்டை மேசைமேல் போட்டுவிட்டு நீங்கள் எங்கு வேண்டுமானாலும் போகலாம். மத்தியான நேரத்தில் டேக்கா உணவங்காடியில் நிற்கக்கூட இடமிருக்காது. ஆனாலும் அந்தப் பாக்கெட் கிடக்கிற மேசையில் யாரும் உட்கார மாட்டார்கள். ஆள் வருவார் என்பதற்கு அதுதான் அடையாளம். இதற்கு இங்கே ‘சோப்’ பண்ணுவது என்று பெயர். குளிக்கிற சோப்புக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. ஊரில் இருப்பவர்களிடம் சொன்னால் கதை விடுகிறேன் என்பார்கள். வந்த புதிதில் நானும் நம்பவில்லை. இப்போது வீட்டைவிட்டுக் கிளம்பும்போது, கைப்பையில் சாவி இருக்கிறதா என்று பார்ப்பதற்கு முன்னால் டிஷ்யூ இருக்கிறதா என்றுதான் பார்க்கிறேன்.

என் அக்கா விஜயா போன மாதம் கும்பகோணத்திலிருந்து வந்திருந்தாள். வந்த மறுநாளே டேக்காவுக்கு அழைத்துப் போனேன். நான் இடம் தேடிக்கொண்டிருந்த நேரத்தில் அவள் ஒரு காலி மேசையில் கிடந்த டிஷ்யூ பாக்கெட்டை எடுத்து, பக்கத்தில் மேசை துடைத்துக்கொண்டிருந்த சீனப் பெரியவரிடம் நீட்டிவிட்டாள். “பாவம், யாரோ மறந்துட்டுப் போயிட்டாங்க. வந்து கேட்டா குடுத்துடுங்க,” என்று தமிழிலேயே சொன்னாள். அவர் தனக்குத்தான் கொடுக்கிறாள் என்று நினைத்து, இரண்டு கையாலும் வாங்கி, “தேங்க் யூ ஆ, தேங்க் யூ,” என்று சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார். மேசை காலியாகிவிட்டதென்று ஒரு குடும்பம் வந்து உட்கார்ந்தது. கொதிக்கிற நூடுல்ஸ் கிண்ணத்தோடு திரும்பி வந்த இளைஞன் மேசையையும் அந்தக் குடும்பத்தையும் மாறி மாறிப் பார்த்து விழித்தான். நான் அக்காவின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வேறு வரிசைக்கு ஓடினேன். விஷயத்தைச் சொன்னதும் அவளுக்குச் சிரிப்பு அடங்கவில்லை. “அட, நம்ம பஸ்ஸுல கர்சீப் போடுறதுதானடி இது! இதுக்காடி இவ்வளவு விளக்கம்?” என்றாள்.

அவள் சொன்னது சரிதான். நான் கல்லூரியில் படித்த நாட்களில் அக்காவுக்கு மின்வாரிய அலுவலகத்தில் வேலை கிடைத்திருந்தது. சாயங்காலம் இரண்டு பேரும் ஒரே பஸ்ஸில்தான் திரும்புவோம். பஸ் நிலையத்துக்குள் வண்டி திரும்பும்போதே ஓடிப்போய், ஜன்னல் வழியாக ஒரு சீட்டில் தன் கைக்குட்டையையும் பக்கத்து சீட்டில் சாப்பாட்டுப் பையையும் போட்டுவிடுவாள். நான் தோழிகளோடு அரட்டை அடித்துவிட்டு ஆடி அசைந்து வருவேன். அதுவரை அவள் அந்த ஒரு சீட்டுக்காகப் பஸ்ஸில் இருக்கிற அத்தனை பேரோடும் மல்லுக்கட்டிக்கொண்டிருப்பாள். “ஆள் எங்கம்மா? சீட்டுக்கா டிக்கெட் குடுக்குறது?” என்று கண்டக்டர் சத்தம் போடுவார். “வருவா. என் தங்கச்சி வருவா,” என்பதுதான் அவளுடைய ஒரே பதில். நான் ஏறி உட்கார்ந்ததும் ஒரு வார்த்தை திட்ட மாட்டாள். பையிலிருந்து கடலை உருண்டையை எடுத்து நீட்டுவாள்.

அக்கா சிங்கப்பூரைச் சுற்றிப் பார்க்க வரவில்லை. ஒரு கேள்விக்குப் பதில் கேட்க வந்திருந்தாள். என் கணவர் இறந்த வருடம், இங்கே தெம்பனிஸ் வீட்டில் தனியாக உட்கார்ந்து அழுதுகொண்டே அவளிடம் போனில் ஒரு வார்த்தை சொல்லியிருந்தேன். “வேலைய விட்டதும் உங்கிட்டயே வந்துடுறேன்க்கா. மாடிய யாருக்கும் விட்டுடாதே.” அவள் கல்யாணம் செய்துகொள்ளாதவள். ஓய்வு பெற்றபோது வந்த பணத்தில் வீட்டுக்கு மாடி எடுத்திருந்தாள். அன்றிலிருந்து அந்த மாடி எனக்காகக் காலியாகக் கிடந்தது. வெள்ளிக்கிழமை தவறாமல் ஏறிப் பெருக்கித் துடைப்பாள். நான் இங்கிருந்து அனுப்பிய திரைச்சீலையை மாட்டி போட்டோ எடுத்து அனுப்பினாள். இப்போது அவளுக்கு முழங்கால் தேய்ந்துவிட்டது. படி ஏற முடியவில்லை. தெருக்கோடி டாக்டர் தன் பெண்ணைக் குடிவைக்க மாடியைக் கேட்டுக்கொண்டிருந்தார். மேலே ஆள் இருந்தால் அக்காவுக்கும் ஒத்தாசை. “பாப்பா, மாடிய வாடகைக்கு விடட்டுமா, வேணாமா?” என்று ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் போனில் கேட்பாள். நீ வரப்போகிறாயா இல்லையா என்றுதான் கேட்கிறாள் என்பது இரண்டு பேருக்குமே தெரியும். “பாக்கலாம்க்கா,” என்பேன். பார்த்துப் பார்த்தே வருடங்கள் ஓடிவிட்டன.

எனக்கு வேலைக்கு முழுக்குப் போடுகிற வயது நெருங்கிவிட்டது. மகன் இதே ஊரில் கிளமெண்டியில் இருக்கிறான். பேத்தி என்னைப் பார்த்தால் தூக்கச் சொல்லிக் கையை நீட்டுகிறாள். அதை ஒரு காரணமாகச் சொல்லலாம்தான். உண்மை அவ்வளவு கௌரவமானது இல்லை. கும்பகோணம் போனால் இரண்டாவது வாரமே எனக்குத் தெம்பனிஸ் ஞாபகம் வந்துவிடுகிறது. லிஃப்ட், சொன்ன நேரத்துக்கு வரும் பஸ், என்னை ஒன்றும் கேட்காத பக்கத்து வீட்டுக்காரர்கள் எல்லாம் வேண்டியிருக்கிறது. இங்கே இருந்தாலோ மழை பெய்யும்போதெல்லாம் அந்த மாடியின் ஜன்னல் சாத்தியிருக்கிறதா என்று நினைப்பு ஓடுகிறது. போகவும் மனமில்லை, வரமாட்டேன் என்று சொல்லவும் வாய் வரவில்லை.

அதனால்தான் கப்பல் பயணம் ஏற்பாடு செய்தேன். முதல் நாள் முழுக்கக் கடல், பிறகு தாய்லாந்தின் புக்கெட்டில் ஒரு பகல், திரும்பும்போது மறுபடி முழுக்கக் கடல். கடலில் என்ன வேலை இருக்கப்போகிறது, உட்கார்ந்து பேசித் தீர்த்துவிடலாம் என்று நினைத்தேன். கடலில் இருக்கிற வேலை நிலத்தில் கிடையாது என்பது ஏறிய பிறகுதான் தெரிந்தது. விடிவதற்குள் அன்றைய நிகழ்ச்சி நிரல் கதவுக்கடியில் வந்து கிடக்கும். நான் ஆங் மோ கியோவில் ஒரு பல் மருத்துவரிடம் முன்பதிவு பார்ப்பவள். நாளில் எங்கே இடைவெளி விழுந்தாலும் அதில் யாருடைய பல்லையாவது சொருகிவிடுவது என் பிழைப்பு. நிரலைப் பார்த்ததும் கை தானாகப் பேனாவை எடுத்தது. துணியில் அன்னம் மடிக்கும் வகுப்பு, பிங்கோ, பனிக்கட்டியில் மீன் செதுக்குவது, நடன வகுப்பு, கேப்டனோடு போட்டோ என்று ஒன்றையும் விடவில்லை. கொடுத்த காசுக்கு எல்லாவற்றையும் பார்த்துவிட வேண்டும் என்கிற இந்த ஊர் வெறி எனக்கும் ஒட்டிக்கொண்டு வெகுநாளாகிறது.

கப்பலில் எல்லாரும் அப்படித்தான் இருந்தார்கள் என்று சொல்ல மாட்டேன். எதுவுமே செய்யாமல் இருக்கத் தெரிந்தவர்களும் வந்திருந்தார்கள். ஒரு வெள்ளைக்காரத் தம்பதி காலை முதல் மாலை வரை ஆளுக்கொரு தடித்த புத்தகத்தை நெஞ்சில் கவிழ்த்து வைத்துத் தூங்கினார்கள். சீனப் பெரியவர்கள் ஒரு மூலையைப் பிடித்து மாஜோங் கட்டைகளைக் கலகலக்க வைத்தார்கள். சாப்பாட்டுக்குக்கூட ஒவ்வொருவராகத்தான் எழுந்து போனார்கள். ஒரு குஜராத்திக் குடும்பம் வீட்டிலிருந்து டப்பா டப்பாவாகக் கொண்டுவந்த தேப்லா ரொட்டியையும் ஊறுகாயையும் மேல்தளத்தில் பரப்பி, போகிறவர் வருகிறவருக்கெல்லாம் கொடுத்தது. சில பேர் தளத்தைச் சுற்றிச் சுற்றி ஓடினார்கள். சில பேர் கம்பியைப் பிடித்துக்கொண்டு தண்ணீரைப் பார்த்தபடியே நின்றார்கள். அக்காவும் அவர்களில் ஒருத்தியாக நிற்க ஆசைப்பட்டாள். “பாப்பா, செத்த உக்காரேன். பேசணும்,” என்றாள் முதல் நாள் காலையில். “இரு அக்கா, அன்னம் மடிக்கிற கிளாஸ் ஆரம்பிச்சுடும்,” என்று இழுத்துக்கொண்டு போனேன். சொல்லிக்கொடுத்த பிலிப்பினோப் பெண் அக்காவின் அன்னத்தைத் தூக்கிக்காட்டிப் பாராட்டினாள். அக்கா அதை எல்லாருக்கும் முன்னால் பிரித்து, உதறி, ஒழுங்காக நாலாக மடித்து அவளிடமே திருப்பிக் கொடுத்தாள்.

திரும்பி வரும் நாளன்று அக்காவால் நடக்க முடியவில்லை. முழங்கால் வீங்கியிருந்தது. மேல்தளத்தில் நிழலாக இரண்டு சாய்வு நாற்காலிகள் கிடைத்தன. அவளை ஒன்றில் உட்காரவைத்து, இன்னொன்றில் என் டிஷ்யூ பாக்கெட்டை வைத்தேன். ஆளில்லாத நாற்காலியில் எதை வைத்தாலும் எடுத்துவிடுவோம் என்று அங்கே எழுதிப் போட்டிருந்தார்கள். காற்று வேறு தூக்கிக்கொண்டு போகிற மாதிரி அடித்தது. “நீ பாத்துக்கக்கா. டீ வாங்கிட்டு வந்துடுறேன். அப்புறம் எங்கயும் போகல, உக்காந்து பேசுவோம்,” என்றேன். சத்தியமாக அப்படித்தான் நினைத்தேன். போகிற வழியில் கப்பலின் சமையலறையைச் சுற்றிக்காட்டக் கூட்டம் சேர்ந்துகொண்டிருந்தது. அதற்கு இடம் கிடைப்பதே அபூர்வம் என்றார்கள். சேர்ந்துகொண்டேன். அங்கிருந்து வெளியே வந்தால் பிங்கோவின் கடைசிச் சுற்று. நடுவில் ஒரு தடவை கண்ணாடிக் கதவைச் சற்றே திறந்து எட்டிப் பார்த்தேன். ஒரு வெள்ளைக்காரர் நாற்காலியைக் காட்டி ஏதோ கேட்டார். அக்கா கையை அதன்மேல் வைத்துக்கொண்டு, “மை சிஸ்டர் கமிங்,” என்றாள். அவர் தோளைக் குலுக்கிவிட்டுப் போனார். அடுத்து ஓர் இளம்பெண் வந்தாள். “ஆன்ட்டி, சோ லாங் ஆல்ரெடி. யுவர் சிஸ்டர் வேர் ஆ?” அக்காவுக்கு அது புரிந்திருக்காது. அதே பதிலைச் சிரித்துக்கொண்டே திரும்பச் சொன்னாள். அப்போதே நான் கதவைத் தள்ளிக்கொண்டு போயிருக்க வேண்டும். போய் உட்கார்ந்தால் அந்தக் கேள்வி வரும், பதில் சொல்ல வேண்டும் என்ற பயத்தில் பிங்கோவுக்கே திரும்பிப் போனேன்.

கடைசியில் இரண்டு கோப்பை டீயோடு நான் வந்தபோது வெயில் சாய்ந்திருந்தது. கைத்தடி ஊன்றிய ஒரு சீன மூதாட்டி நாற்காலிக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தார். ஒன்றும் கேட்கவில்லை, மூச்சு வாங்க நின்றார், அவ்வளவுதான். அக்கா ஒரு கணம் கதவுப் பக்கம் பார்த்தாள். நான் தூணுக்கு இந்தப் பக்கம் இருந்ததால் கண்ணில் படவில்லை. பிறகு டிஷ்யூ பாக்கெட்டை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, காலி நாற்காலியைக் கையால் தட்டிக் காட்டினாள். “உக்காருங்க. யாரும் வரல. நோபடி,” என்றாள்.

பக்கத்தில் போய் நின்றேன். “வந்துட்டியா பாப்பா? அவங்களுக்குக் கால் வலி போல. குடுத்துட்டேன்,” என்றாள். கோபம் இல்லை, வருத்தம்கூட இல்லை. டீயை வாங்கி ஒரு வாய் குடித்தாள். “டாக்டர் பொண்ணுக்கே மாடியக் குடுத்துடலாம்னு இருக்கேன். நீ வர்றப்ப என் ரூம்லயே படுத்துக்கலாம். என்ன?” வேண்டாம்க்கா, விடாதே, நான் வருகிறேன் என்று சொல்ல அந்த ஒரு நிமிடம் இருந்தது. சொல்லியிருந்தால் நம்பியிருப்பாள். பஸ்ஸில் நம்பிய மாதிரியே நம்பியிருப்பாள். நான் “சரிக்கா,” என்றேன். சொன்னதும் எனக்கு முதலில் வந்தது நிம்மதி. அதை நினைத்தால் இன்றைக்கும் என்மேல் எனக்கே வெறுப்பாக இருக்கிறது. உட்கார இடமில்லாமல் கோப்பையைப் பிடித்தபடி அவள் பக்கத்தில் நின்றேன். “இந்தா, உன்னோடது,” என்று டிஷ்யூ பாக்கெட்டை என் கையில் கொடுத்தாள். அவள் மடியின் சூடு அதில் இருந்தது.

அக்கா ஊருக்குப் போய்விட்டாள். போன ஞாயிற்றுக்கிழமை தெம்பனிஸ் உணவங்காடியில் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது போன் செய்தாள். முழங்காலுக்கு என்ன தைலம் என்று பேசிக்கொண்டிருந்த நேரத்தில் அவள் பக்கம் தடதடவென்று ஏதோ சத்தம் கேட்டது. “மேல கட்டில நகத்துறாங்க. ஜன்னல் ஓரமாப் போட்டுக்குறாங்களாம், காத்து வரும்னு,” என்றாள். நானும் அங்கேதான் போடுவதாக இருந்தேன். அந்த நேரம் பார்த்து, தட்டை ஏந்திக்கொண்டு ஒருவர் என் மேசையருகே வந்து நின்றார். எதிர் நாற்காலியில் என் டிஷ்யூ பாக்கெட் கிடந்தது. அதை எப்போது அங்கே வைத்தேன் என்று எனக்கே நினைவில்லை. “ஆன்ட்டி, எனிபடி சிட்டிங்?” என்று கேட்டார்.

“மை சிஸ்டர் கமிங்,” என்றேன்.

அவர் தலையாட்டிவிட்டு வேறு மேசை தேடிப் போனார். “யாருடி அங்க?” என்றாள் அக்கா. “யாருமில்லக்கா, நீ சொல்லு,” என்றேன்.