ஞாயிற்றுக்கிழமை காட்டிய விருது விழா

தேசியத் திரைப்பட விருது விழா என்று யாராவது பேச்செடுத்தால் என் மனைவி எழுந்து அடுப்படிக்குப் போய்விடுவாள். போன மாதம் ஒரு வாரப் பத்திரிகை அந்த விழாவின் வரலாற்றை இரண்டு பக்கத்துக்குப் போட்டிருந்தது. முதல் விழா எந்த மண்டபத்தில் நடந்தது, எந்த நடிகை எத்தனை முறை மேடையேறினார், சிலையின் வடிவத்தை எப்போது மாற்றினார்கள் என்றெல்லாம் படங்களோடு இருந்தது. நான் அதை மடித்து அலமாரிக்கு மேலே வைத்தேன். அவள் கண்ணில் பட்டால் அன்றைக்குச் சமையல் நடக்காது.

நான் பள்ளிக்கூடத்தில் படித்த நாட்களில் அந்த விழா வானொலியில் வரும். மாத்தளையில் எங்கள் தெருமுனைத் தையற்கடையில் பத்துப் பதினைந்து பேர் நின்று கேட்போம். அறிவிப்பாளர் மேடைக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு, இன்னார் இப்போது படியேறுகிறார், இப்போது சிலையை வாங்குகிறார் என்று சிங்களத்தில் சொல்லிக்கொண்டே இருப்பார். கொழும்பில் கை தட்டும்போதே எங்களுக்குக் கேட்கும். தமிழ்ப் படத்துக்கென்று ஒரு வருடம் பரிசு இருக்கும், அடுத்த வருடம் இருக்காது. ஏன் என்று யாரும் சொல்லமாட்டார்கள். அதுபற்றி நாங்கள் சலித்துக்கொண்டே மறு வருடமும் போய் நிற்போம். விழா என்றால் நாம் கேட்கும் நேரத்தில் நடப்பது என்று என் மண்டையில் ஏறியது அந்தக் கடையில்தான்.

என் மகன் உயர்தரப் பரீட்சை முடித்ததும் சினிமாவில் சேரப் போகிறேன் என்றான். நடிக்கவா என்று கேட்டேன். இல்லை, சத்தம் பிடிக்க என்றான். நீளக் கம்பின் நுனியில் மைக்கைக் கட்டி, நடிகர்களின் தலைக்கு மேலே மணிக்கணக்கில் தூக்கிப் பிடித்து நிற்கும் வேலை. கணக்கியலில் நல்ல பெறுபேறு எடுத்த பையன். நான் ஆசிரியன். என் வகுப்புப் பிள்ளைகள் நான் சொல்வதைக் கேட்டார்கள், என் வீட்டுப் பிள்ளை கேட்கவில்லை.

யுத்தம் திரும்பவும் முற்றியிருந்த காலம் அது. வயர், பற்றரி, மைக் எல்லாம் அடைத்த பையோடு ஒரு தமிழ்ப் பையன் கொழும்பில் சோதனைச்சாவடி சோதனைச்சாவடியாகக் கடந்து வேலைக்குப் போவதை நினைத்தால் எனக்குச் சோறு இறங்காது. "எனக்குச் சிங்களம் நல்லா வரும்ப்பா. மைக்க எடுத்துக் காட்டி வெளங்கப்படுத்துவேன். செல பேரு அதுல பாட்டுக்கூட பாடிப் பாப்பாங்க" என்று சிரிப்பான். எனக்குச் சிரிப்பு வராது.

அவன் வேலை செய்த ஒரு படம் ஒலிப்பதிவுக்கான விருதுக்குப் பரிந்துரையானது. பரிசு கிடைத்தால் அவனுடைய முதலாளிதான் மேடையேறுவார். இவன் கூட்டத்தில் உட்கார்ந்திருப்பான். ஆனாலும் அழைப்பு வந்ததே பெரிய விஷயம். அம்மாவிடம் தொலைபேசியில், "ஞாயித்துக்கெழம ஆறரைக்கு டீவியில பாருங்க, நீங்க வாங்கித் தந்த நீலச் சட்டையத்தான் போடுவேன்" என்று சொன்னான்.

சனிக்கிழமை விடியற்காலை, கொழும்பில் தமிழர்கள் அதிகம் இருக்கும் வெள்ளவத்தையில் இராணுவச் சுற்றிவளைப்பு. காலைச் செய்தியிலேயே சொன்னார்கள். பல இளைஞர்கள் விசாரணைக்காக அழைத்துச் செல்லப்பட்டிருக்கிறார்களாம். அழைத்துச் செல்லப்பட்டார்கள் என்றால் கல்யாணத்துக்கு அழைத்துப் போனதுபோல் இருக்கும். அவன் அறை வெள்ளவத்தையில்தான். அவன் கைத்தொலைபேசி நிறுத்தப்பட்டிருந்தது. வீட்டுக்கார அம்மாவின் தொலைபேசி மணி அடித்து அடித்து ஓய்ந்தது. அன்று முழுவதும் நாங்கள் அந்த இரண்டு இலக்கங்களையும் மாறி மாறி அழுத்தினோம்.

ஞாயிறு காலை கொழும்புக்குப் போவதா இருப்பதா என்று எங்களுக்குள் வாக்குவாதம்.

"எங்கன்னு போய்த் தேடுவீங்க?" என்றாள் மனைவி. "பொழுது சாய டீவியில பாப்போம். புள்ள அங்க இருந்தா எல்லாம் பொய்யின்னு வெச்சுக்கலாம். இல்லாட்டி விடிஞ்சதும் மொத பஸ்."

எனக்கும் அது சரியாகவே பட்டது.

ஆறரைக்குப் பெட்டிக்கு முன்னால் உட்கார்ந்தோம். முதலில் விளக்கேற்றினார்கள். ஒவ்வொரு திரிக்கும் ஒரு பிரமுகர், ஒவ்வொரு பிரமுகருக்கும் ஒரு அறிமுகம். பிறகு நடனம். பிறகு பால்மா விளம்பரம். பிறகு அமைச்சர் பேசினார். சினிமா மக்களை ஒன்றுசேர்க்கும் என்றார். என் மகனை எங்கே சேர்த்துவைத்திருக்கிறீர்கள் என்று நான் பெட்டியைப் பார்த்துக் கேட்டேன். "சும்மா இருங்க, கூட்டத்தக் காட்டுறாங்க" என்று மனைவி என் முழங்காலில் தட்டினாள்.

கூட்டத்தை அவர்கள் காட்டவே இல்லை என்றுதான் சொல்லவேண்டும். முன்வரிசை நடிகைகளைக் காட்டினார்கள். அவர்கள் சேலையைச் சரிசெய்வதைக் காட்டினார்கள். எங்களுக்கு வேண்டியதெல்லாம் அவர்களுக்குப் பின்னால் மங்கலாகத் தெரிந்த தலைகள். மனைவி திரைக்கு ஒரு முழத்தில் போய்க் குந்திக்கொண்டாள். ஒருவனைக் காட்டி அவன்தான் என்றாள். அவன் தண்ணீர்ப் போத்தல் கொடுக்கும் ஆள்.

அப்புறம் விழாவின் வரலாறு என்று ஒரு குறும்படம். கறுப்பு வெள்ளையில் பழைய மண்டபம், பழைய கார்கள். எந்தெந்த ஆண்டுகளில் நடந்தது என்று வரிசையாக வந்தது. நடுவில் சில ஆண்டுகள் இல்லை. "தவிர்க்க முடியாத காரணங்களால்" நடைபெறவில்லை என்றது கணீரென்ற குரல். கலவரத்தில் எங்கள் தெருவில் கடையும் வீடும் எரிந்து, நாங்கள் அகதிகளாகப் பாடசாலைக் கட்டடத்தில் படுத்திருந்த வருடமும் அந்தக் காரணங்களுக்குள் அடக்கமா என்று குரல் சொல்லவில்லை. வேறு நாளென்றால் நான் அதற்காக ஒரு கடிதம் எழுதியிருப்பேன். அன்றைக்கு, சீக்கிரம் முடித்துத் தொலையுங்கள், கூட்டத்தைக் காட்டுங்கள் என்பதைத் தவிர எனக்கு வேறு கோரிக்கை இல்லை.

சிறந்த துணை நடிகையின் பெயரை அறிவித்தபோது கமெரா அந்தப் பெண்ணைத் தேடி நடுவரிசைப் பக்கம் போனது. அவள் எழுந்து நின்று கண்ணைத் துடைத்தாள். அவள் தோளுக்குப் பின்னால், நீலச் சட்டையில், கொட்டாவி விட்டுக்கொண்டு என் மகன்.

"ஐயோ, என் புள்ள" என்று மனைவி திரையில் கையை வைத்தாள். வைத்த கை அவனை மறைத்துவிட்டது. எடுப்பதற்குள் சோப்பு விளம்பரம் வந்தது. ஆனால் இருவரும் பார்த்திருந்தோம். அவள் வாய்விட்டு அழுதாள். இரண்டு நாளாக அடைத்துவைத்த அழுகை.

சத்தம் கேட்டுப் பக்கத்து வீட்டு முஸ்லிம் அண்ணன் வந்தார், நானா என்றுதான் அவரைக் கூப்பிடுவோம். தம்புள்ளையிலிருந்து கொழும்புக்கு லொறியில் மரக்கறி ஏற்றும் வியாபாரி.

"என்ன மாஸ்டர், அழுற சத்தம் கேட்டிச்சி?"

"மகன டீவியில பாத்தோம் நானா. சுகமா இருக்கான். கொட்டாவி விடுறான்" என்றேன்.

அவர் வாசலிலேயே நின்று திரையைக் கொஞ்ச நேரம் பார்த்தார். மேடை, பூ அலங்காரம், பின்னால் இருந்த பெயர்ப்பலகை எல்லாவற்றையும் பார்த்தார். அவர் முகம் எனக்குப் பிடிக்கவில்லை.

"மாஸ்டர், இது இன்னக்கி நடக்கிறது இல்லயே. வெள்ளிக்கெழம முடிஞ்சதல்லவா. அன்னக்கி நான் லொறியோட அங்கதான் ஈந்தேன். மினிஸ்டர் வாராருன்னு விழா நடந்த ஹோல் ரோட்ட மூடிட்டாங்க. லொறியில ஏத்தின போஞ்சிக்கா அவ்வளவும் வதங்கிப் பெய்த்து."

அழுகை நின்றது. அவள் என்னைப் பார்த்தாள். வெள்ளி இரவு கொட்டாவி விட்ட பிள்ளை சனி விடியற்காலையில் எங்கே என்று அந்தப் பெட்டிக்குத் தெரியாது. மகன் சொன்னது டீவியில் பாருங்கள் என்றுதான். அந்த நேரத்தில்தான் நடக்கும் என்று சொல்லவே இல்லை.

நானா தலையில் கை வைத்தார். "நான் வாய வச்சிக்கிட்டு சும்மா ஈந்திருக்கணும்" என்றார்.

மிச்ச விழாவையும் பார்த்தோம். வெள்ளிக்கிழமை மகனாவது இன்னொரு முறை தெரிவானா என்றிருந்தது. தெரியவில்லை. ஒலிப்பதிவு விருதை ஒளிபரப்பில் வெட்டிவிட்டு, வென்றவர்களின் பெயர்களைத் திரைக்கு அடியில் ஓடவிட்டார்கள். அவர்கள் படம்தான் வென்றிருந்தது. அதை வாசித்து நான் அவளுக்குச் சொல்லவும் இல்லை.

திங்கள் முதல் பஸ்ஸில் ஏறினேன். வழியில் சோதனைச்சாவடிகளில் எத்தனை தரம் இறக்கி ஏற்றினார்கள் என்று எண்ணவில்லை. ஆசிரியர் என்றதும் சிலர் பேசாமல் விட்டார்கள், ஒருவர் மட்டும் என்ன பாடம் என்று கேட்டார். கொழும்பில் இரண்டு பொலிஸ் நிலையத்தில் மகன் பெயரைக் கொடுத்து, மூன்றாவது இடத்தில் வரிசையில் நின்றிருந்தபோது எனக்குப் பின்னால், "அப்பா, நீங்க எங்க இங்க?" என்று குரல்.

அதே நீலச் சட்டை, கசங்கி, காலர் கிழிந்து. விழா முடிந்து வந்து சட்டையைக் கூடக் கழற்றாமல் தூங்கியவனை அப்படியே கொண்டுபோயிருக்கிறார்கள். பையிலிருந்த வயர்கள்தான் அவனை விடுவதை இரண்டு நாள் பிந்தவைத்தன. முதலாளி வந்து கையெழுத்துப் போட்டபின் சற்று முன்னால்தான் விட்டார்களாம். ஏதோ பஸ்ஸைத் தவறவிட்டவன்போல் சொன்னான். எனக்கு அவனைக் கட்டிப்பிடிப்பதா அறைவதா என்று தெரியவில்லை.

"நேத்து பாத்தீங்களா? எங்களுக்குக் கெடச்சிருச்சு" என்றான்.

நான் ஒரு கடையிலிருந்து வீட்டுக்குத் தொலைபேசி எடுத்தேன். மகன் கிடைத்துவிட்டான் என்றேன். அவள் நம்பவில்லை. அவனிடம் கொடுக்கச் சொன்னாள். கொடுத்தேன்.

"அம்மா, நான்தான். சுகமா இருக்கேன்" என்றான். பிறகு முகத்தைச் சுளித்துக்கொண்டு என்னைப் பார்த்தான்.

"இன்னைக்கு என்ன கெழமன்னு கேக்குறாங்கப்பா."

"சொல்லு" என்றேன்.

"திங்கக்கெழமம்மா" என்றான். அவள் மறுபடியும் கேட்டாள் போலிருக்கிறது. மறுபடியும் சொன்னான்.