பதினோராம் இலக்க ஜேர்சி

பத்தாம் வகுப்போடு படிப்பை விட்டவன் நான். நாலு பேர் கூடிய இடத்தில் வாய் திறக்கவே கூச்சப்படுகிறவன். இப்படிப்பட்டவன் பந்தடித்த கதையை எழுத வருவது அதிகப்பிரசங்கித்தனம்தான். வாசிக்கிறவர்கள் மன்னிக்க வேண்டும்.

ஊரில் எங்கள் உதைபந்தாட்டக் கழகம் லீக்கில் விளையாடிய காலத்தில் இடது விங் என்னுடையது. அணியில் இடது காலால் அடிக்கிறவன் நான் ஒருவன்தான். அப்போது அக்காவுக்குக் கல்யாணம் நடந்தது. எங்கள் பக்கத்தில் கல்யாணம் முடித்த ஆண், மனைவி வீட்டுக்கு வந்து இருப்பதுதான் வழக்கம். அத்தானும் பக்கத்து ஊரிலிருந்து ஒரு சூட்கேசுடனும் ஒரு சோடி பூட்சுடனும் வந்தார். அவருக்கும் இடது கால். அடுத்த சீசனுக்குக் கழகம் அவரைப் பதிந்தது. என் பதினோராம் இலக்க ஜேர்சி அவரிடம் போனது. நான் தண்ணீர்ப் போத்தல்களுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன். அந்த வருடம்தான் கழகம் கிண்ணம் எடுத்தது.

லண்டனுக்கு வந்தும் எதுவும் மாறவில்லை. நான் தோர்ண்டன் ஹீத்தில், அவர் நோர்பரியில். ஊர்க்காரர் என்னைக் கடையில் கண்டால், "அத்தான் இப்பவும் பந்தடிக்கிறாரோ?" என்றுதான் கேட்பார்கள். அந்த ஊரில் பிறந்தவன் நான். அவர் வந்து சேர்ந்தவர். இதை நான் ஒருவரிடமும் சொன்னதில்லை.

2009 கோடையில் லண்டனில் ஊர்க் கழகங்களின் போட்டி நடந்தது. கடைசியாக நாற்பது வயதைத் தாண்டியவர்களின் ஆட்டம். எங்களுக்கு எதிரே அத்தான் பிறந்த ஊர். ஒருமுறையாவது ஊர் ஜேர்சியுடன் மறுபடி இடது பக்கம் ஓடிவிட வேண்டும் என்று, வீட்டுக்கும் சொல்லாமல் பார்க்கில் ஓடிப் பழகியிருந்தேன். ஆனால் பதினொன்று அத்தானுக்கே போனது. நான் மாற்று ஆள்.

தொடங்குமுன் இறந்தவர்களுக்காகத் தலைகுனிந்து நின்றோம். ஊரில் யுத்தம் முடிந்த அந்த மே மாதம் போய் அதிக நாளாகவில்லை. பலர் கண்ணைத் துடைத்தார்கள். என் கண் அத்தானின் முதுகில் இருந்த இலக்கத்திலேயே நின்றது.

"டேய், நீ அங்காலையோ இங்காலையோ?" என்று எதிரணியில் மூத்தவர் ஒருவர் அத்தானைச் சீண்டினார்.

"பொம்பிளை எடுத்த பக்கம்தான் அண்ணை."

எல்லோரும் சிரித்தார்கள். அப்படி ஒரு பதில் எனக்கு ஒருநாளும் வாயில் வராது.

இரண்டாம் பாதியில் அத்தான் மூச்சிரைக்க வெளியே வந்தார். "தம்பி, எனக்கு இனி ஏலாது. நீ இறங்கு."

கழகம் பதினொரு ஜேர்சிதான் அடித்திருந்தது. வியர்வையில் ஊறிய தன்னுடையதைக் கழற்றித் தந்தார்.

கொஞ்ச நேரத்தில் பந்து இடது பக்கம் வந்தது. ஒருவரை வெட்டி உள்ளே போய் அடித்தேன். கீப்பரின் கைக்குக் கீழால் பந்து வலைக்குள் போனது. அந்த ஆட்டத்தில் விழுந்தது அந்த ஒரு கோல்தான். ஒலிபெருக்கியில் வர்ணனை சொன்னவர் தூரத்திலிருந்து முதுகைத்தான் பார்த்திருப்பார். அத்தானின் பெயரைச் சொல்லி, "லீக்கிலை பார்த்த அதே இடது கால்!" என்றார்.

"அது நானில்லையடா, என்ரை மச்சான்!" என்று அத்தான் கதிரையிலிருந்து கத்தினார். அந்தச் சத்தத்தில் ஒருவருக்கும் கேட்கவில்லை. அவர் கெட்டவராக இருந்திருந்தால் எனக்கு எவ்வளவோ சுகமாக இருந்திருக்கும்.

சிறந்த ஆட்டக்காரருக்கான பதக்கத்துக்கும் அவர் பெயரையே கூப்பிட்டார்கள்.

"போ தம்பி. உன்ரை கோல், நீ போய் வாங்கு," என்று அத்தான் என் தோளில் தள்ளினார்.

மேடைக்கு முன்னால் அவ்வளவு சனம். என் கால் எழும்பவில்லை. "நீங்களே போங்கோ அத்தான்," என்றேன்.

அவர் போனார். கைதட்டல் நெடுநேரம் கேட்டது. திரும்பி வந்து பதக்கத்தை என்னிடம் நீட்டினார். பூட்ஸ் கயிற்றை அவிழ்ப்பதுபோலக் குனிந்துகொண்டேன்.

அடுத்த நாள் ஜேர்சியைத் தோய்த்துக் காயவைத்து, பின்னேர ஷிப்டுக்குப் போகும் வழியில் அக்காவிடம் கொடுத்தேன். அத்தான் முழங்கால் வீங்கிப் படுத்திருந்தார். பதக்கம் டிவிக்கு மேலே தொங்கியது.