ஐந்து தட்டும் ஒரு கிரேக்கச் சொல்லும்

கிரேக்க மொழியில் எனக்கு ஒரே ஒரு வினைச்சொல் தெரியும். உயர்நிலை இரண்டாம் வகுப்போடு படிப்பை விட்டவளுக்கு அது எதற்கு என்று கேட்டால், எதற்குமில்லைதான். ஆனால் சித்தப்பா கல்யாணத்தன்று அந்தச் சொல் இல்லாவிட்டால் கூறைப்புடவை நனைந்திருக்கும். அந்தப் புடவைத் தட்டு என் கையில் இருந்தது. கெஞ்சிக் கூத்தாடி நானே கேட்டு வாங்கியது.

எனக்கு அப்போது எட்டு வயது. மாப்பிள்ளை வீட்டாராகிய நாங்கள் கேலாங் வட்டாரத்தில் வேனை விட்டு இறங்கவும் மழை கொட்டவும் சரியாக இருந்தது. கார்கள் நிறுத்தும் திறந்தவெளிக் கார்ப்பேட்டையைக் கடந்தால் கோயில் வாசல். முகூர்த்தத்துக்குப் பத்தே நிமிடம். வரிசைத் தட்டுகள் ஐந்து; ஒற்றைப்படையில்தான் உள்ளே போக வேண்டும். ஒன்று நனைந்தாலும் கணக்கு நான்காகிவிடும். கெடப்போகும் அந்த ஒன்று என்னுடையதுதான் என்று எனக்கு நிச்சயமாகத் தெரிந்தது.

"சுனஸ்பிட்ஸோ!" என்று கத்தினாள் அக்கா. பெரியப்பா மகள், பல்கலைக்கழகத்தில் பழைய கிரேக்கர்களைப் பற்றிப் படித்துக்கொண்டிருந்தாள்.

"மழையில நின்னு மந்திரம் சொல்றா பாரு," என்றார் அத்தை.

"மந்திரம் இல்ல அத்தை, பட்டாளத்துச் சொல்லு லா! 'சுன்'னா சேர்ந்து, 'அஸ்பிஸ்'னா கேடயம். ரெண்டையும் ஒட்டி, பின்னால ஒரு வால வச்சா, கேடயத்தோட கேடயம் சேர்த்து நிக்கிறதுன்னு அர்த்தம்."

"எங்கிட்ட குடைதானடி இருக்கு."

"அது போதும். வாங்க!"

தன்னையும் சேர்த்துத் தட்டு ஏந்திய ஐந்து பேரையும் தோளோடு தோள் நிறுத்தினாள். இடக்கையில் தட்டு, வலக்கையில் குடை. குடையை இடப்பக்கம் சாய்த்தால் நம் தட்டும் நனையாது, அந்தப் பக்கம் நிற்பவரின் வலத்தோளும் நனையாது. யார் எங்கே நிற்பது என்று அத்தை முணுமுணுக்கத் தொடங்கியதும், "வலது ஓரம் எனக்கு," என்று அக்கா ஓடிப்போய் நின்றுகொண்டாள்.

"லெஃப்ட், ரைட்! சித்தி, குடைய நிமித்தாதீங்க!"

அக்காவுக்குச் சித்தியான என் அம்மா சிரிப்பை அடக்க முடியாமல் குலுங்கினார். கார்ப்பேட்டைக் காவலாளி எங்களுக்கு ஒரு சல்யூட் வைத்தார். நான் மட்டும் புடவையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

வாசலில் போய்த் தொட்டுப் பார்த்தேன். ஒரு துளி ஈரமில்லை. ஐந்து தட்டும் ஐந்தாகவே உள்ளே போயின. வலது ஓரத்தில் நின்ற அக்காவுக்கு மட்டும் அந்தப் பக்கம் பின்னல் முதல் பட்டுப்பாவாடை வரை சொட்டிக்கொண்டிருந்தது.

"எல்லாருக்கும் பாடம் எடுத்துட்டு, நீ நனைஞ்சு நிக்கிறியேடி!" என்றார் அத்தை. எல்லாரும் சிரித்தார்கள். அக்காவும்தான்.

இவ்வளவு படித்தவளுக்கு ஒரு குடையை ஒழுங்காகப் பிடிக்கத் தெரியவில்லையே என்று, பந்தியில் பாயசம் வரும்வரை நான் அவளுக்காகக் கவலைப்பட்டுக்கொண்டிருந்தேன்.