விடுவதற்காக மீன் பிடிக்கிறவர்

என் கணவர் இந்த நாட்டுக்குப் படகில் வந்தவர். நான் விமானத்தில் வந்தவள். எனக்குக் குடியுரிமை கிடைத்துப் பல வருடமாகிறது. அவருக்கு இன்னும் தற்காலிக விசாதான், ஒன்று முடிய இன்னொன்று. பல நாள் கடலில் கிடந்து, சத்தியெடுத்து, உயிர் போய் வந்த மனிதர். அப்படிப்பட்டவர் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், காருக்குப் பின்னால் பழைய அலுமினியப் படகு ஒன்றை இழுத்துக்கொண்டு வந்து வாசலில் நின்றால் எனக்கு எப்படியிருக்கும்?

"உங்களுக்கென்ன விசரோ?" என்றேன்.

"கடலுக்கில்லையப்பா, குளத்துக்கு," என்றார். அவர் வன்னிப் பக்கம். எவ்வளவு பெரிய நீர்த்தேக்கமானாலும் அவருக்கு அது குளந்தான்.

மெரிலேண்ட்ஸில் எங்களுக்கு இருப்பது இரண்டு அறை அடுக்குமாடி வீடு, கீழே ஒரேயொரு கராஜ். அன்றிலிருந்து கராஜில் படகு, தெருவில் கார். ஆலங்கட்டி மழை பெய்து காரின் கூரையெல்லாம் அம்மைத் தழும்பு விழுந்தபோதும் படகு சொகுசாக உள்ளே கிடந்தது. எனக்கு வந்ததே ஒரு கோபம்!

அதைவிடப் பெரிய கூத்து ஒன்றிருந்தது. செவன் ஹில்ஸில் அவர் வேலை செய்யும் களஞ்சியத்தில் ஒரு வெள்ளைக்காரக் கூட்டாளி. இருவரும் சேர்ந்து மாதத்துக்கொரு மீன்பிடிப் போட்டிக்குப் போவார்கள். பாஸ் என்று ஒரு மீன், அணைகளில் வளர்ப்பது. வடக்கே மூன்று மணி நேரம் ஓடிப்போய், நாள் முழுக்க வெயிலில் நின்று, அந்த மீனைப் பிடித்து, படமெடுத்து, திரும்பத் தண்ணீரில் விட்டுவிட்டு வருவார்கள். ஒரு மீன், ஒரு செதில், வீட்டுக்கு வந்ததில்லை. வரும் வழியில் பிளாக்டவுனில் நிறுத்தி, கடையில் மீன் வாங்கிக்கொண்டு வருவார். மீன் பிடிக்கப் போனவர் மீன் வாங்கி வருகிறார் என்று என் அக்கா சிரித்த சிரிப்பு இன்னும் என் காதில் கிடக்கிறது.

ஏன் போகிறார்? பரிசுக்கா? ஒருமுறையும் பரிசு வந்ததில்லை. கூட்டாளிக்காகவா? அந்த மனிதரோடு வேலையிடத்தில் நாள் முழுக்க நிற்கிறார்தானே. கேட்டால், "சும்மா" என்பார். சும்மா ஒருவர் அதிகாலையில் எழும்பி மூன்று மணி நேரம் கார் ஓடுவாரா? எனக்கு மண்டை காய்ந்தது. போன வருடம் ஒருநாள் பொறுக்க முடியாமல் முடிவாகச் சொல்லிவிட்டேன், படகை விற்கத்தான் வேண்டும் என்று.

அவர் சண்டை பிடிக்கவில்லை. கோப்பையைக் கழுவி வைத்துவிட்டு வந்து கதிரையில் இருந்தார்.

"சரி. விக்கிறன். ஆனா ஒருக்கா வந்து பாரும். பாத்திட்டும் விக்கத்தான் வேணுமெண்டு சொன்னீர் எண்டா, அண்டைக்கே விளம்பரம் போடுறன்."

முகத்தைப் பார்த்தேன். விளையாட்டுக்குச் சொன்ன மாதிரித் தெரியவில்லை. அந்தத் தகரப் படகில் இவருக்கு ஏதோ இருக்கிறது, அது என்னவென்று எனக்குத் தெரிய வேண்டும். கோபம் பாதி, விடுப்பு அறியும் ஆசை பாதியாக ஓமென்றேன்.

அடுத்த போட்டிக்குக் கிட்ட, கூட்டாளி ஏணியிலிருந்து விழுந்து கையை உடைத்துக்கொண்டார். இருவர் சேர்ந்தால்தான் ஓர் அணி. ஆகவே பார்க்கப் போனவள் போட்டிக்காரியாகவே போனேன். அதிலும் அது புரட்டாதிச் சனிக்கிழமை. அவருடைய விசாவுக்காகவே நான் ஐந்து சனியும் விரதம் பிடிக்கிறவள். விரத நாளில் மீன் பிடிக்கலாமா என்று யாரைக் கேட்பது? ஐயரைக் கேட்க வெட்கமாக இருந்தது. சாப்பிடாத மீன், கொல்லாத மீன், அதனால் குற்றமில்லை என்று நானே எனக்குத் தீர்ப்புச் சொல்லிக்கொண்டேன்.

முதல்நாளே போய் அணைக்குப் பக்கத்தில் ஒரு சின்ன அறை எடுத்துத் தங்கினோம். விடியற்காலையில் குளித்து, எள்ளெண்ணெய் விளக்கேற்றி, சோறு வடித்து, கத்தரிக்காய்க் கறியும் பருப்பும் வைத்தேன். சனி விரதத்தில் காகம் சாப்பிட்ட பிறகுதான் நாங்கள் சாப்பிடலாம். படகு இறக்கும் இடத்தில் ஒரு கம்பத்தின்மேல் சோறு வைத்துவிட்டு, "கா... கா..." என்று கூப்பிட்டேன். மீன்பிடிக்காரர்கள் தேத்தண்ணிக் கோப்பைகளோடு திரும்பிப் பார்த்தார்கள். இந்த நாட்டுக் காகங்கள் குழந்தை அழுவது மாதிரி இழுத்து அழும். இரண்டு காகம் மரத்தில் இருந்தபடி அழுதனவே தவிர இறங்கவில்லை. பெலிக்கன் ஒன்றுதான் ஆடி ஆடி வந்து கம்பத்துக்குக் கீழே நின்று என்னைப் பார்த்தது. உனக்கில்லையடா என்று துரத்தினேன். காகம் தொடாத சோறு எனக்கும் இல்லை. வெறும் வயிற்றோடு படகில் ஏறினேன்.

ஏறுவதற்கு முன்னால் நடுவர் எல்லாரையும் கூட்டி விதிகள் சொன்னார். தொப்பி போட்ட வயதான வெள்ளைக்காரி. மீனைக் கொண்டுவந்து நிறுக்கத் தேவையில்லை. பிடித்த உடனே அளவுகோல் வரைந்த பாயில் நீட்டி வளர்த்தி, வாயை மூடிப் பிடித்து, படமெடுக்க வேண்டும். பக்கத்தில் அன்றைக்குக் கொடுக்கும் இலக்க அட்டை தெரிய வேண்டும், பழைய படம் காட்டி ஏமாற்றக் கூடாது என்பதற்காக. அட்டை இல்லாத படம் செல்லாது. படமெடுத்ததும் மீன் தண்ணீருக்குப் போய்விட வேண்டும். பின்னேரம் மூன்று மணிக்குப் படங்களைப் பார்த்து, மீன்களின் நீளத்தைக் கூட்டி, வென்றவர்களை அறிவிப்பார்கள். எங்கள் அட்டையை இவர் இரண்டு கையாலும் வாங்கிச் சட்டைப் பையில் வைத்துப் பொத்தானைப் பூட்டினார். கோயிலில் விபூதி வாங்குவது போல வாங்கினார் என்று நினைத்துச் சிரிப்பு வந்தது.

அம்மாடி, அந்தத் தண்ணீர்! எந்தப் பக்கம் திரும்பினாலும் கண்ணுக்கெட்டிய வரைக்கும் தண்ணீர், அதற்கப்பால் புல் மேடுகள், மாடுகள். அணை கட்டியபோது மூழ்கிய மரங்கள் இன்னும் பட்டமரமாக நடுவில் நின்றன. படகு நகர்ந்ததும் இவர் வேறு ஆளாகிவிட்டார். வீட்டில் நாலு சொல் கதைக்க நாற்பது முறை கேட்க வேண்டும். இங்கே வாய் மூடவில்லை.

"இஞ்ச பாரும், இந்த மீன் தேடுற கருவியின்ர திரையில தெரியிற கோடெல்லாம் மீன்."

"உது மீனெண்டு மீனுக்குத் தெரியுமோ?"

"பகிடியை விடும். பொய் இரையைக் கீழ விட்டு, மெல்லத் தூக்கி, மெல்ல இறக்கும். அவ்வளவுதான்."

"பொய் இரைக்கு எப்படியப்பா மீன் வாறது?"

"பசியில்லை. கோபம். தன்ர இடத்தில வேறை ஏதோ ஆடுதெண்டு வந்து கடிக்கும்."

கோபத்தில் கடிக்கிற மீன்! எனக்கு உடனே பிடித்துப்போயிற்று.

பத்து மணிக்குள் அவர் இரண்டு மீன் பிடித்துவிட்டார். தேய்த்த வெண்கலச் செம்பின் நிறம், கண் பெரிது. அவர் செய்த விதத்தைத்தான் நான் கவனித்துக்கொண்டிருந்தேன். கையை நனைத்துக்கொண்டு மீனைத் தொட்டார். பாயில் வளர்த்தி, பக்கத்தில் அட்டையை வைத்து, எழுத்து நேராகத் தெரிகிறதா என்று பார்த்தார். நான் படமெடுத்தேன். பிறகு மீனைத் தண்ணீருக்குள் பிடித்து, அது வாலை அடித்துப் போகும்வரை கையை எடுக்கவில்லை. போன பிறகும் போன இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அடுத்த இரையை எறிய அவசரமில்லை. போட்டிக்கு வந்தவர் செய்கிற வேலையா இது? கேட்க வாயெடுத்தேன். அந்த நேரம் பார்த்து என் தூண்டில் வளைந்தது.

"ஐயோ! என்னையெல்லோ இழுக்குது!"

"விடாதையும்! மெல்ல, மெல்ல! கொஞ்சம் ஓட விடும்!"

வெறும் வயிற்றில் காது அடைத்தது. எவ்வளவு நேரமென்று தெரியவில்லை. கடைசியில் அவர் வலையைப் போட்டு அள்ளினார். அள்ளியவர் அப்படியே இருந்துவிட்டார். அவர் பிடித்த இரண்டையும்விடப் பெரிது. வயிறு இரண்டு பக்கமும் தள்ளியிருந்தது.

"சினையப்பா," என்றார். "இதுகள் உப்புத் தண்ணிக்குப் போய்த்தான் முட்டை போடுங்கள். இஞ்ச அணைதானே, போகேலாது. சுமந்துகொண்டு திரியுங்கள்."

பாயில் வளர்த்தினோம். வால் ஐம்பது சென்ரிமீற்றரைத் தாண்டி இரண்டாவது கோட்டில் நின்றது. அவருடைய குரலே மாறிவிட்டது. "இதுதான் முதலாவது! இண்டைக்கு நாங்கள்தான்!" என்றார். இதுவரை படமெடுத்த என் தொலைபேசியை மீனோடு பிடித்த சண்டையில் எங்கேயோ போட்டுவிட்டேன். அட்டையும் அவருடைய பையிலிருந்தது, பொத்தான் ஈரத்தில் கழலவில்லை.

"வாயைப் பொத்திப் பிடியும். ஒரு நிமிசம்."

அவர் தொலைபேசியைத் தேடத் திரும்பினார், நான் பொத்திப் பிடித்தேன். என் உள்ளங்கைக்குள் அதன் வாய் திறக்கப் பார்த்தது. பிறகும் திறக்கப் பார்த்தது. செவுள் விரிந்து விரிந்து மூடியது. அந்தப் பெரிய கண் என்னைப் பார்த்தது என்று சொன்னால் பொய், அது வானத்தைத்தான் பார்த்தது. ஆனால் சனி விரதத்தன்று, புருஷனுக்கு நல்லது நடக்க வேண்டுமென்று பச்சைத் தண்ணீரும் குடிக்காமல் வந்தவள், ஒரு பிள்ளைத்தாய்ச்சியின் வாயைப் பொத்திக்கொண்டிருக்கிறேன். என்னால் முடியவில்லை. கடவுளே, முடியவில்லை. இரண்டு கையாலும் தூக்கித் தண்ணீரில் விட்டேன். ஒரு அடி அடித்துவிட்டுப் போய்விட்டது.

அவர் ஒரு கையில் தொலைபேசி, மறு கையில் அட்டையோடு திரும்பினார். பாய் வெறுமையாகக் கிடந்தது.

"எங்க?"

"விட்டிட்டன்."

அவர் வெறும் பாய்க்குப் பக்கத்தில் குந்தினார். நான் வாயில் வந்ததையெல்லாம் சொன்னேன். சினை என்றேன், விரதம் என்றேன், மூச்சு விடேலாமல் கிடந்தது என்றேன், வேணுமெண்டால் ஏசுங்கோ, இப்பிடி உம்மெண்டு இருக்காதேங்கோ என்றேன். கடைசியில் அழுதும் விட்டேன்.

அவர் அட்டையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"எங்களைத் தீவில இருக்கிற தடுப்பு முகாமில இறக்கின உடனை ஒரு அட்டை தந்தவங்கள். நாங்கள் வந்த படகின்ர எழுத்து, பிறகு ஒரு நம்பர். நெஞ்சுக்கு நேர பிடிச்சுக்கொண்டு சுவரோட நிண்டனான், படமெடுத்தவங்கள். அதுக்குப் பிறகு சாப்பாட்டுக்கும் அந்த நம்பர்தான், மருந்துக்கும் அந்த நம்பர்தான். அந்தப் படம் இண்டைக்கும் எங்கேயோ ஒரு ஒஃபிசில இருக்கு. இன்னும் முடிவில்லை."

நான் அழுகையை நிறுத்திவிட்டேன்.

"முதல் நாள் என்ர கூட்டாளி என்னை இஞ்ச கூட்டிக்கொண்டு வந்தபோது, மீனுக்குப் பக்கத்தில நம்பரை வைக்கச் சொன்னான். எனக்குக் கை கூசிச்சு. பிறகு பாத்தா, படமெடுத்த உடனை விட்டிட்டான். ஒரு நிமிசம். நம்பர் வைச்சு, படமெடுத்து, ஒரு நிமிசத்தில போ எண்டு விடுகினம். அதைப் பாக்கத்தானப்பா வாறனான். வேறையொண்டுமில்லை."

இத்தனை வருடம் ஒரே வீட்டில் இருந்தும் எனக்கு இது தெரியாது. கேட்டேன், கேட்டேன் என்கிறேனே, நான் கேட்டது படகைப் பற்றி மட்டுந்தான்.

"கோபமில்லையோ?" என்றேன்.

"முதலாவது வந்திருக்கலாம்," என்றார். அவருக்குக் கவலைதான், மறைக்கவில்லை. பிறகு அவர் முகம் மெல்ல மாறியது. "ஆனா பாரும், அது நம்பர் இல்லாமலே போயிட்டுது."

சொல்லிவிட்டுச் சிரித்தார். சிரித்துக்கொண்டே சட்டைக் கையால் கண்ணைத் துடைத்தார்.

மத்தியானத்துக்குப் பிறகு எங்களுக்கு வேறு மீன் படவில்லை. கரைக்கு வந்தபோது கம்பத்தில் சோறில்லை. காகமா பெலிக்கனா என்று கேட்க ஆளுமில்லை. காகந்தான் என்று முடிவு கட்டிச் சாப்பிட்டேன். மூன்று மணிக்குப் பெரிய மீனுக்கான பரிசை நாற்பத்தெட்டுச் சென்ரிமீற்றருக்குக் கொடுத்தார்கள். இவர் எல்லாரையும்விடப் பலமாகக் கைதட்டினார். நடுவர் இலக்க அட்டைகளைத் திருப்பி வாங்க வாளியோடு வந்தார். இவர் பொத்தானைக் கழற்றி எடுத்துப் போட்டார்.

படகைக் காரோடு கொளுவிக் கட்டும்போது, என் பக்கம் பார்க்காமலே கேட்டார்.

"அப்ப, விளம்பரம் போடட்டே?"

கயிற்றின் மற்ற நுனி என் கையில் இருந்தது. அதை இழுத்து முடிச்சுப் போட்டேன்.

"அடுத்தமுறை அட்டையை நான் வைக்கிறன்," என்றேன். "நீங்கள் தொட வேண்டாம். நீங்கள் மீனை மட்டும் விடுங்கோ."