தாட்சாயினி அக்கா திறந்த மரண அறிவித்தல்

தாட்சாயினி அக்காவிடம் யாராவது பாஸ்வேர்ட் கேட்டால், வயதைக் கேட்டதுபோல் முறைப்பார். வயது அறுபத்து மூன்று. நானே சொல்லிவிட்டேன், திட்டினால் திட்டட்டும். பினாங்குத் தீவில் கிரீன் லேன் பக்கம் நடுவில் ஒரே சுவரை வைத்துக்கொண்டு பத்தொன்பது வருடமாக நாங்கள் பக்கத்து வீட்டுக்காரர்கள். நாங்கள் செட்டிநாட்டுக் குடும்பம், அவர் யாழ்ப்பாணத்துக் குடும்பம். எங்கள் வீட்டில் எல்லாக் கதவும் திறந்து கிடக்கும். அவர் வீட்டில் பூட்டுக்குப் பூட்டு உண்டு.

மாக் மண்டினில் ஒரு தொழிற்சாலை அலுவலகத்தில் முப்பத்து நான்கு வருடம் கிராணியாக, அதாவது குமாஸ்தாவாக இருந்தவர். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஏன் என்று கேட்பவர்களிடம், "நேரம் கெடைக்கலப்பா" என்று சொல்லிவிட்டு வேலையைப் பார்ப்பார். ஓய்வு பெற்றபோது அலுவலகத்தின் ஒழுங்கையெல்லாம் அப்படியே வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டார். கூடத்து மூலையில் ஒரு கணினி. அதன் கேமரா மேல் கறுப்பு ஸ்டிக்கர் பொட்டு. வெள்ளிக்கிழமை தோறும் எல்லாவற்றையும் தனி டிரைவில் நகலெடுத்து, அந்த டிரைவை மைலோ டின்னுக்குள் போட்டு மூடுவார். மின்னஞ்சலோடு ஏதாவது கோப்பு இணைந்து வந்தால், அனுப்பியவருக்குப் போன் போட்டுக் கேட்காமல் தொடமாட்டார். ஒரு தீபாவளிக்கு நான் வாழ்த்து அட்டை அனுப்பியதற்கு மூன்று தடவை கூப்பிட்டார்.

"உமா, இது நீதானா?"

"நான்தான்கா! பின்ன என்ன, என் ஆவியா அனுப்பும்?"

"கோவப்படாதலா. கேக்கறதுல என்ன தப்பு?"

இத்தனை கெடுபிடியிலும் ஒன்றே ஒன்றுக்கு மட்டும் விலக்கு இருந்தது. பினாங்கில் இருக்கும் யாழ்ப்பாணத்துக் குடும்பங்களில் யார் இறந்தாலும் அறிவித்தல் முதலில் அக்காவுக்குத்தான் வரும். அவர்தான் அதை அவர்கள் சங்கத்துப் பட்டியலில் உள்ள நானூறு வீட்டுக்கும் அனுப்புவார். ஒரு மணி நேரம் தாமதமானாலும் யாருக்காவது கடைசி முகம் பார்க்க முடியாமல் போய்விடும். அதனால் சாவுச் செய்தியை மட்டும் வந்த கையோடு திறப்பார், கேள்வி கேட்க மாட்டார். ஒரு தடவை நான் வாய் சும்மா இராமல், அதையும் விசாரித்துத் திறக்க வேண்டியதுதானே என்று கேட்டேன்.

"சாவு வீட்டுக்குப் போன் போட்டு, 'நெசமாவே செத்துட்டாங்களா'ன்னு கேக்கச் சொல்றியா? வாய் அழுகிப் போயிடும் உமா!" என்று சீறினார். நானும் அதோடு விட்டுவிட்டேன்.

காமினி வந்தது நான்கு மாதத்துக்கு முன்பு. வேலைக்கு விண்ணப்பம் தட்டச்சு செய்துதரச் சொல்லி வந்தவள், உட்கார முடியாமல் நாற்காலியின் ஓரத்திலேயே சாய்ந்து நின்றாள். முதுகில் அடி. அக்கா விண்ணப்பத்தை மூடி வைத்துவிட்டு அவளை நேராகப் போலீசுக்குக் கூட்டிப்போனார். புகார் கொடுத்தார்கள், நீதிமன்றத்தில் பாதுகாப்பு உத்தரவும் வாங்கினார்கள். ஆனால் உத்தரவு பைக்குள் கிடக்கும், வாசலில் வந்து காவலா நிற்கும்? அவள் புருஷன் சதீசன் கணினி பழுது பார்க்கிறவன், ஜார்ஜ்டவுனில் சொந்தக் கடை. அவளுடைய கைப்பேசியில் அவன் எதையோ வைத்திருந்தான். அவள் எங்கே போனாலும் அங்கே வந்து நின்றான்.

அதனால் புதுக் கைப்பேசி, புது எண். செபராங் ஜெயாவில் ஒரு தையல்காரம்மா வீட்டுப் பின்னறையில் காமினியையும் ஆறு வயது மிதுஷாவையும் குடிவைத்தோம். காமினி அங்கேயே துணி தைத்தாள். தைப்பிங்கில் இருக்கும் தன் அம்மாவோடுகூட அவள் பேசவில்லை. அந்த அம்மாவின் கைப்பேசியையும் முன்பு 'சரிபண்ணிக் கொடுத்தவன்' அந்தப் புண்ணியவான்தான். காமினி இருக்கும் இடம் தெரிந்தவர்கள் அக்கா, நான், தையல்காரம்மா மூன்று பேர் மட்டும்தான்.

அக்காவின் கணினியும் நாலாவதாக ஒன்று இருந்ததை அன்று யாரும் யோசிக்கவில்லை. மிதுஷாவைத் தாடிகாவில், அதாவது பாலர் பள்ளியில் சேர்க்க ஒரு கடிதம் வேண்டியிருந்தது. அக்காதான் தட்டச்சு செய்தார், புது முகவரியோடு. அச்செடுத்ததும் அழித்திருக்க வேண்டும். கிராணிக் கை. நகல் வைக்காமல் ஒரு கடிதத்தை வெளியே அனுப்பியதே இல்லை.

போன மாதம் ஒரு வியாழக்கிழமை, காலை பதினொரு மணிக்கு அந்த மின்னஞ்சல் வந்தது. காமினியின் தாய்மாமன் ஆனந்தராஜா பெயரில். 'தைப்பிங் திருமதி நவமணி இன்று அதிகாலை இறைபதம் எய்தினார். விவரம் இணைப்பில்.' காமினியின் அம்மா! அக்கா ஒரு நொடி யோசிக்கவில்லை, திறந்துவிட்டார். அனுமதிக்கலாமா என்று கணினி கேட்டது. அனுமதித்தார். திரையில் ஒன்றும் வரவில்லை. பிரச்சினை தன் பக்கம்தான் என்று நினைத்து, மறுபடி அனுப்பும்படி பணிவாக எழுதினார். உடனே பதில் வந்தது. 'மகள் வராமல் பிரேதத்தை எடுக்க மாட்டோம். எங்கே இருந்தாலும் அவளுக்குச் சொல்லிவிடுங்கள்.'

அழுதுகொண்டே என் கேட்டுக்கு வந்தார். கணினியை அணைக்கத் தோன்றவில்லை.

"எப்படிச் சொல்வேன் உமா அவகிட்ட? நாலு மாசமா அம்மா குரலைக்கூடக் கேக்கலையே அவ!"

"சொல்லித்தான் ஆகணும்கா. பெத்த தாய். வாங்க, நானே காடி எடுக்கறேன், தைப்பிங் கூட்டிட்டுப் போவோம்."

"அவன் அங்க நிப்பானே?"

"நிக்கட்டும்! ரெண்டு போலீசக் கூட்டிட்டுப் போனா அடங்கிடுவான்."

என் வீரத்தைப் பாருங்கள். அவன் விரித்த வலைக்கு நானே காடி ஓட்டத் தயாராகிவிட்டேன். இன்றைக்கு நினைத்தாலும் என்னை நானே அறைந்துகொள்ளத் தோன்றுகிறது.

கைப்பையும் கண்ணாடியும் எடுக்க அவர் வீட்டுக்குள் போனோம். மணி பன்னிரண்டு. கூடத்தில் யாரும் இல்லை, கணினித் திரை மட்டும் வெளிச்சமாக இருந்தது. அதில் அம்புக்குறி நகர்ந்துகொண்டிருந்தது.

மவுஸ் மேசையில் சும்மாதான் கிடந்தது. அம்புக்குறி நிதானமாக ஒவ்வொரு கோப்புறையாகத் திறந்து, மூடி, அடுத்ததற்குப் போனது. சங்கம். மின் கட்டணம். கடிதங்கள். கடிதங்களுக்குள் போய், மிதுஷா என்று பெயரிட்ட கோப்பின் மேல் நின்றது. திறந்தது. தாடிகாவுக்கு எழுதிய கடிதம் திரை முழுவதும் விரிந்தது. முகவரி இருந்த வரியில் அம்பு அசையாமல் நின்றது. மறுபக்கம் ஒருவன் உட்கார்ந்து அதைப் படித்துக்கொண்டிருந்தான்.

"ஐயோ!" என்று கத்திக்கொண்டு அக்கா பாய்ந்தார். இணையப் பெட்டியின் வயரைச் சுவரோடு பிடுங்கி எறிந்தார். அம்பு நின்றுவிட்டது. ஆனால் படித்தவன் படித்துவிட்டான்.

"அவன்தான். அவனேதான்," என்றார். "உமா, நவமணி அம்மா பேரப் போட்டு என்னை ஏமாத்திட்டான். நான் தெறந்து விட்டுட்டேன்."

அழுவதற்கு நேரமில்லை. அவன் கடையும் தீவில்தான், நாங்களும் தீவில்தான், செபராங் ஜெயா அக்கரையில். அவனும் பினாங்குப் பாலத்தைத் தாண்ட வேண்டும், நாங்களும் தாண்ட வேண்டும்.

காடியில் ஏறியதும் அக்கா காமினியைக் கூப்பிட்டார். மணி அடித்து ஓய்ந்தது. தையல்காரம்மாவும் எடுக்கவில்லை. மறுபடி கூப்பிட்டார். எடுக்கவில்லை. இடையில், அவரோடு வேலை பார்த்து இப்போது கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் சாலையில் கணினிக் கடை வைத்திருக்கும் காமாரியாவுக்குப் போன் போட்டு, மூச்சு வாங்க விஷயத்தைச் சொன்னார். ஒலிபெருக்கியில் போட்டதால் எனக்கும் கேட்டது.

"வயரப் புடுங்குனது சரிதான்கா. மெஷின யாரும் தொடவேணாம், அதுலதான் சாட்சி இருக்கு, போலீஸ் பாக்கணும். அதுக்கப்புறம் நான் வந்து சுத்தமா தொடச்சு எல்லாத்தையும் புதுசா போட்டுத் தர்றேன். உங்க பாஸ்வேர்டெல்லாம் உமாக்கா போன்லேர்ந்து மாத்துங்க. ஆனா அதெல்லாம் அப்புறம்லா! மொதல்ல அந்தப் பொண்ண அங்கேர்ந்து வெளியாக்குங்க!"

பாலத்தில் ஜேம், வண்டிகள் ஊர்ந்தன. சதீசனுடையது வெள்ளை மைவி கார். பாலத்தில் எனக்கு முன்னால் நான்கு வெள்ளை மைவி, பின்னால் இரண்டு. ஒவ்வொன்றிலும் அவன் முகம் தெரிகிறதா என்று பார்த்துப் பார்த்து என் கழுத்து வலித்தது. ஒருவன் குறுக்கே வந்து நுழைந்தான். அவன் ஏழு தலைமுறையையும் இழுத்துத் திட்டினேன். அக்கா எண்ணை அழுத்திக்கொண்டே இருந்தார். ஐந்து. ஆறு. ஏழு.

"எடு தங்கச்சி, எடு..."

எட்டாவது தடவை எடுத்தாள். மிதுஷாவைக் கூட்டிவரத் தாடிகாவுக்குப் போனாளாம், கைப்பேசி தையல் மெஷின் மேலேயே கிடந்ததாம். இப்போதுதான் பிள்ளையோடு அறைக்குள் நுழைந்தாளாம்.

"ஒக்காராத! எதையும் எடுக்காத! புள்ளயத் தூக்கிட்டு பின்வாசல் வழியா பாலாய்க்குப் போ. அவனுக்கு எடம் தெரிஞ்சு போச்சு."

"அக்கா, எப்படி..."

"அப்புறம் சொல்றேன். ஓடு!"

செபராங் ஜெயா பாலாயில், போலீஸ் நிலையத்து நீள நாற்காலியில், அவள் செருப்பில்லாமல் உட்கார்ந்திருந்தாள். மடியில் மிதுஷா, தாடிகாச் சீருடையோடு. அவர்களைப் பார்த்ததும் நானும் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டேன். அப்போதுதான் தையல்காரம்மாவின் போன் வந்தது. ஒருவன் வந்து பின்னறைக் கதவை உதைத்தானாம். அக்கம்பக்கத்தார் கூடிச் சத்தம் போட்டதும் காடியில் ஏறிப் போய்விட்டானாம். காமினி கிளம்பிப் பத்து நிமிடம்கூட ஆகியிருக்காது. விஷயத்தைக் கேட்ட போலீஸ்காரர் உடனே ரோந்து வண்டியை அனுப்பினார்.

அக்கா காமினிக்கு முன்னால் போய் நின்றார். உட்காரவில்லை.

"தப்பு என்னோடது. அவன் அனுப்பினத நான்தான் தெறந்தேன். உன் விலாசத்த நான்தான் அழிக்காம வெச்சிருந்தேன். ஊருக்கே புத்தி சொல்வேன், என் புத்தி எங்க போச்சோ தெரியல. என்னை மன்னிச்சிடு."

தாட்சாயினி அக்கா மன்னிப்புக் கேட்டு நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

காமினி கோபப்படவில்லை. "என்ன அனுப்பினார்?" என்று மட்டும் கேட்டாள்.

அக்கா என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். மறைக்க வழியில்லை. "மரண அறிவித்தல்," என்றார். "உன் அம்மா பேர்ல."

"அம்மாவா?" காமினி எழுந்துவிட்டாள். "பொய்தானே அக்கா? இல்ல, உண்மையிலேயே அம்மா போய்ட்டாங்களா? அதைச் சாக்கா வெச்சு அனுப்பினாரா? சொல்லுங்கக்கா!"

எங்களுக்கு எப்படித் தெரியும்? ஓட்டம் ஓட்டமாக வந்ததில் அதை நாங்கள் நினைத்துக்கூடப் பார்க்கவில்லை. அவன் பொய்யனாக இருக்கலாம், அதற்காக அந்தச் செய்தியும் பொய்யாகத்தான் இருக்க வேண்டுமா? காமினியால் கூப்பிட்டுக் கேட்கவும் முடியாது. அவள் பிள்ளையை இறுக்கிக்கொண்டு, எங்கள் இரண்டு பேர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள்.

அக்கா கையை நீட்டினார். "உமா, உன் போனக் குடு. அவனுக்குத் தெரியாத நம்பர். காமினி, அம்மா வீட்டுப் போன் நம்பர் சொல்லு. நீ வாயத் தெறக்கக் கூடாது."

ஒலிபெருக்கியில் போட்டு நடுவில் பிடித்தார். வாழ்நாளில் எந்த வீட்டுக்கும் கேட்காத கேள்வியை அன்றைக்குக் கேட்டார்.

"வணக்கம். நவமணி அம்மா... இருக்காங்களா?"

"நான்தான் பேசறேன். நீங்க யாரு?"

காமினி இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள். கண்ணீர் விரல் வழியாக ஓடியது. நான் அவள் தோளைப் பிடித்துக்கொண்டேன். பிள்ளையின் வாயை யார் பொத்துவது? அதை யோசிக்கவில்லை.

"பாட்டி!" என்று கத்திவிட்டாள் மிதுஷா.

அந்தப் பக்கம் மூச்சுச் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு தூரத்திலிருந்து ஓர் ஆண் குரல், "யாரு அது? போன்ல யாரு?"

"யாரோ தெரியல," என்றார் நவமணி அம்மா. குரல் கொஞ்சமும் தடுமாறவில்லை. "இங்க அப்படி யாரும் இல்லம்மா. ராங் நம்பர். இனிமே இங்க கூப்பிடாதீங்க."

இணைப்பு அறுந்தது.

"அது என் புருஷனோட அண்ணன் குரல்," என்றாள் காமினி. "நான் சாவுக்கு வருவேன்னு அங்க ஆள் போட்டிருக்கார். அம்மா தனியா இருக்காங்க."

கண்ணைத் துடைத்தாள். மிதுஷாவை அக்காவின் இடுப்பில் வைத்துவிட்டு, செருப்பில்லாத காலோடு நேராகப் போலீஸ்காரரின் மேசைக்கு நடந்தாள்.

"எஞ்சிக், ஐயா," என்றாள், "தைப்பிங்குக்கு ஆள் அனுப்புங்க. எங்கம்மா உயிரோட இருக்காங்க."