விசில் கற்ற கரிச்சான்

கொரோனா அடங்கி, திண்டுக்கல்லில் வாழைக்காய் மண்டி மறுபடி திறந்த சமயம் அது. மாஸ்க்கைத் தாடைக்கு இறக்கிவிட்டு விசில் ஊதியது ஞாபகம் இருக்கிறது. சாதிக் ஓட்டிய லாரியில் நான் கிளீனர். சிறுமலையில் வாழைத்தார் ஏற்றிக் கீழே கொண்டுவருவோம்.

தோட்டத்தில் லாரியைத் திருப்ப இடம் கிடையாது, ரிவர்ஸில்தான் போக வேண்டும். பின்னால் பள்ளம். நான் இறங்கிப் பின்னால் நிற்பேன். விட்டு விட்டு ஊதினால் வண்டி வரலாம். நீளமாக ஊதினால் நிற்க வேண்டும். அது நாகல் நகரில் என் மருமகன் வாங்கித் தந்த விசில். உள்ளே பட்டாணி உருளும். நல்ல மருமகன். அது இருக்கட்டும்.

அன்றைக்கு நான் நீளமாக ஊதியும் லாரி வந்துகொண்டே இருந்தது. கத்தினேன். பின்சக்கரம் பள்ளத்து விளிம்பில் நின்றது. சாதிக் இறங்கி வந்தான்.

"ஏன் பெருசு, நில்லுன்னு ஊதிட்டு உடனே வா வான்னு ஊதுனா என்ன அர்த்தம்?"

"நான் எங்க அப்பு அப்படி ஊதுனேன்?"

"அப்ப ஒங்க ஆவி ஊதுச்சா? பேசாம பேரப்பிள்ளைகளப் பாத்துக்கிட்டு வீட்ல இருங்க. ஓனர்ட்ட வேற ஆள் கேக்கப் போறேன்."

விசிலைப் பிடுங்கித் தன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான். வேலை போனால் மலையும் போச்சு. பஸ் ஏறி வேடிக்கை பார்க்கப் போகிற ஆள் இல்லை நான்.

லோடு ஏற்றிவிட்டு டீ குடித்தோம். அப்போது தலைக்கு மேலே விட்டு விட்டு விசில் சத்தம். சாதிக் சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்தான். விசில் அங்கேதான் இருந்தது.

பலா மரத்தில் ஒரு கரிச்சான். நம் ஊர்க் கரண்டுக் கம்பியில் உட்காருமே, அந்தக் கரிச்சான் இல்லை, அதைவிடப் பெரிது. கறுப்பில் நீலம் மினுங்கும். நெற்றியில் சுருண்ட கொண்டை. வாலிலிருந்து கம்பி மாதிரி இரண்டு நீளும், நுனியில் மட்டும் துடுப்பு போல இறகு. பறந்தால் இரண்டு கருவண்டுகள் துரத்திப் போவது போலிருக்கும். அது மற்றப் பறவைகள் மாதிரியும் கத்தும். வல்லூறு மாதிரி அது கத்த, நானே ஏமாந்திருக்கிறேன். என் விசிலை எத்தனை நாள் கேட்டுக்கொண்டிருந்ததோ.

சாதிக் விசிலை என் கையில் வைத்தான்.

"அதையும் கிளீனரா சேத்துக்கலாம்ணே. பேட்டாவும் கேக்காது."

அன்றிலிருந்து விசிலை விட்டுவிட்டு லாரி பாடியில் கையால் தட்டினேன். கரிச்சானுக்குக் கை கிடையாது.

இப்போது முழங்கால் விடவில்லை, வீட்டில்தான் இருக்கிறேன். போன வாரம் சாதிக் வந்தான். "இன்னும் ஊதுதுண்ணே, அதே பட்டாணிச் சத்தம்" என்றான். நான் ஏற முடியாத மலையில் என் விசில் இருக்கிறது.

சிறுமலைக்கு லோடு ஏற்றப் போகிறவர்களைப் பார்த்தால் சொல்லிவிடுங்கள்: பலா மரத்தடியில் விசில் கேட்டு வண்டியை எடுக்காதீர்கள். தட்டினால் மட்டும் எடுங்கள்.