பட்டி பார்த்த ஜன்னல்

என் மாமனாரைத் தெருவில் எல்லோரும் பட்டி மாமா என்றுதான் சொல்வார்கள். பெயிண்ட் அடிப்பதற்கு முன் பள்ளம் தெரியாமல் குழைத்துப் பூசுவார்களே, அந்தப் பட்டி. அவருக்கும் அது தெரியும். ஏதோ பட்டம் வாங்கியதுபோலச் சிரித்துக்கொள்வார். எனக்கு அந்தப் பேரைக் கேட்டாலே குமட்டும், ஏனென்றால் அதைக் குழைப்பது என் சமையலறைக் கரண்டியால்.

பஸ் டிப்போவில் ஸ்டோர் கீப்பராக இருந்து ரிட்டயர் ஆனவர். மெக்கானிக்குகள் புது போல்ட் கேட்டு வந்தால், பழையதையே துடைத்துப் போடச் சொல்லித் திருப்பி அனுப்புவாராம். "என் சர்வீஸ்ல ஸ்டோர் எப்பவும் நிறைஞ்சேதான் இருக்கும்" என்று இன்றைக்கும் மார்தட்டிக்கொள்வார். அந்த பஸ்களில் ஏறினவர்கள் என்ன ஆனார்கள் என்று ஒருமுறை கேட்டேன். பேப்பரை விரித்து முகத்தை மறைத்துக்கொண்டார். வீட்டிலும் அதே ஸ்டோர்தான். குழாய் ஒழுகினால் துணியைச் சுற்றுவார், ஜன்னல் அழுகினால் பட்டி பார்ப்பார்.

ஜன்னல் என்றால் பின்னறை மர ஜன்னல். மேலே சன்ஷேட் கிடையாது, மழை நேரே அதன்மேல்தான் அடிக்கும். அடிச்சட்டம் ஊறி ஊறி டீயில் விழுந்த ரஸ்க் மாதிரி ஆகிவிட்டது. தொட்டால் நக இடுக்கில் கறுப்பாக ஏறும். அறை முழுக்க நனைந்த சாக்கைச் சுருட்டி வைத்த நாற்றம். ஓரத்தில் காளான்கூட முளைத்தது. அவர் அதைக் கிள்ளி வெளியே எறிந்துவிட்டு, அந்த இடத்தில் பட்டியை அப்பிப் பச்சைப் பெயிண்ட் அடித்தார். கதவு வீங்கித் திறக்கவே வராமல் போனபோது, "தொறந்தாதானே மழை உள்ள வரும், விடு" என்றார்.

நானும் சகித்துக்கொண்டுதான் இருந்தேன், அம்மாவை ஆஸ்பத்திரியில் சேர்க்கும்வரை. அவளுக்கு நுரையீரலில் சளி கட்டியிருந்தது. நான் ஒரே பெண். வீட்டுக்கு அனுப்பினால் அவள் எங்களிடம்தான் வந்தாக வேண்டும், அந்தப் பின்னறையைத் தவிர வேறு இடமில்லை. டாக்டர் மருந்துச் சீட்டை நீட்டிக்கொண்டே, "காத்து நல்லா வர்ற ரூம்ல வைங்க. ஈரம், பூஞ்சை இதெல்லாம் இவங்களுக்கு ஆகவே ஆகாது. மறுபடி சளி கட்டுச்சுன்னா தாங்க மாட்டாங்க" என்றார். எனக்கு அந்தப் பச்சை ஜன்னல்தான் கண்முன் வந்து நின்றது.

கார்பெண்டரைக் கூட்டி வந்தேன். அவர் உளியால் அங்கங்கே குத்திப் பார்த்தார். "முழுசா மாத்த வேண்டாம்மா. மேல இருக்கற மரம் கல்லு மாதிரி இருக்கு. கீழ அழுகினத மட்டும் அறுத்துட்டு ஒட்டுப் போட்டுடலாம். பழைய மரக்கடையில துண்டு வாங்கினா செலவும் கம்மி" என்றார். மாமனார் எல்லாவற்றையும் தலையாட்டிக் கேட்டார். யோசித்துச் சொல்வதாகச் சொல்லி கார்பெண்டர் கூடவே அவர் பட்டறைவரை போனார். திரும்பி வரும்போது தோளில் ஒரு மூட்டை. மரத்தூள். வேலை கொடுக்காத மனுஷனிடமே, பட்டியில் கலக்க ஓசியில் மரத்தூள் வாங்கி வந்திருக்கிறார். எனக்குத்தான் வெட்கம் பிடுங்கித் தின்றது.

என் கணவரிடம் சொன்னேன். "அப்பாகிட்ட நீயே பேசிப் பாரேன்" என்றார். அப்பா எதிரில் இவர் வாய்க்கும் யாரோ பட்டி பார்த்துவிட்டார்கள்.

மறுநாள் நல்ல மழை. குடையோடு பின்பக்கம் போய் நின்று எங்கள் ஜன்னலையும் பக்கத்து வீட்டு ஜன்னலையும் மாறி மாறிப் பார்த்தேன். பக்கத்து வீட்டில் சட்டத்தின் விளிம்புக்கு வந்த தண்ணீர் சொட்டுச் சொட்டாகக் கீழே விழுந்தது. எங்கள் வீட்டில் விழவில்லை. விளிம்பைச் சுற்றி, சட்டத்தின் அடியாக ஓடி, திரும்பவும் மரத்துக்குள்ளேயே போனது. குனிந்து பார்த்தால், அவர்கள் சட்டத்தின் அடியில் நீளவாக்கில் ஒரு பள்ளக்கோடு ஓடுகிறது. தண்ணீர் அதைத் தாண்ட முடியாமல் அங்கேயே அறுந்து விழுகிறது. எங்கள் சட்டத்தில் அந்தக் கோட்டைக் காணோம். ஹேர்பின்னால் நோண்டினேன். பட்டிதான் கட்டி கட்டியாக வந்தது.

"மாமா, இந்தப் பள்ளத்த யார் அடைச்சது?"

"நான்தான். கட்டினவன் வேலை தெரியாதவன், கீறலை அப்படியே விட்டுட்டுப் போயிருந்தான். வருஷா வருஷம் நான்தான் அடைக்கறேன்."

"அது தண்ணி சொட்டறதுக்காக விட்டது மாமா. நீங்க அடைச்சதாலதான் ஜன்னலே அழுகுது."

"உனக்கு நான் எது செஞ்சாலும் குத்தம். சம்பந்தியம்மா வர்றதுக்குள்ள ரூம் ரெடியா இருக்கும், போ. அது என் பொறுப்பு."

நான் ஆஸ்பத்திரியே கதி என்று கிடந்த நாட்களில் அந்தப் பொறுப்பை முடித்துவிட்டார். அம்மாவைக் கைத்தாங்கலாக அழைத்து வந்தபோது ஜன்னல் புதுப் பெயிண்டில் மினுமினுத்தது. ஒரு கதவை மட்டும் நெம்பித் திறந்து, கயிறு போட்டு இழுத்துக் கட்டியிருந்தார். "பாருங்க சம்பந்தியம்மா, உங்களுக்காகவே பண்ணது. காத்து பிச்சுக்கிட்டு வருது" என்றார்.

மகள் வீட்டில் வந்து தங்குவதே அம்மாவுக்குக் கூச்சம். அவர் மனம் கோணக்கூடாதே என்று, உட்கார்ந்தவள் மறுபடி எழுந்து ஜன்னலருகே போனாள். கால் தள்ளாடவே அடிச்சட்டத்தில் கையை ஊன்றினாள். கை உள்ளே போனது. பச்சைத் தோல் உடைந்து, கறுப்புக் கூழும், பள்ளத்தை நிரப்ப அவர் உள்ளே திணித்திருந்த பேப்பர் உருண்டைகளும் நனைந்துபோய் அவள் காலடியில் விழுந்தன. அதில் வெள்ளை வெள்ளையாகப் புழு நெளிந்தது. அம்மா இருமத் தொடங்கினாள். இருமிக்கொண்டே கும்பிட்டாள்.

"என் கை பலமா பட்டுடுச்சு. மன்னிச்சுக்குங்க சம்பந்தி."

"பரவால்ல, பரவால்ல. தெரியாமதானே பண்ணீங்க. கொஞ்சம் பட்டி வச்சா சரியாயிடும்."

மன்னித்துவிட்டார், மகானுபாவர். புழுவைவிட அந்த மன்னிப்புதான் எனக்கு அதிகம் அருவருத்தது.

அம்மாவைப் பிடித்து நேரே முன்னறைக்கு நடத்திப் போனேன். அது மாமனாரின் அறை. சன்ஷேடுக்குக் கீழே இரண்டு ஜன்னல், ஒரு பொட்டு ஈரம் கிடையாது. அவர் கட்டிலில் அவளைப் படுக்கவைத்துவிட்டு, அவர் தலையணையை எடுத்துக்கொண்டு பின்னறைக்கு நடந்தேன். என் கணவர் அப்போதும் வாயைத் திறக்கவில்லை. ஆனால் அப்பாவின் துணிப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு என் பின்னாலேயே வந்தார்.

"என்னம்மா இது, என் ரூம்..."

"இந்த ரூம் ரெடின்னு நீங்கதானே மாமா சொன்னீங்க. காத்து பிச்சுக்கிட்டு வருதாம்."

சம்பந்தி காதில் விழக்கூடாதே என்று குரலை அடக்கி முணுமுணுத்தபடி, ராத்திரி பின்னறையிலேயே போய்ப் படுத்தார். விடிந்ததும் மூக்கைச் சுற்றித் துண்டைக் கட்டிக்கொண்டு தும்மியபடி வெளியே வந்தார். யாரிடமும் பேசாமல் போனை எடுத்தார். "இன்னிக்கே வாப்பா. நல்ல மரமா போடு." விலை கேட்கவில்லை.

கார்பெண்டர் சட்டத்தை அறுத்துக்கொண்டிருந்தபோது பக்கத்து வீட்டுக்காரர் எட்டிப் பார்த்தார். மாமனார் குரலை உயர்த்தி, "சம்பந்தியம்மாவுக்கு உடம்பு முடியல, அதான் என் ரூமையே விட்டுக் குடுத்துட்டேன்" என்றார். உள்ளே படுத்திருந்த அம்மாவுக்கு அது கேட்டது. "எவ்வளவு நல்ல மனுஷன் பாரு" என்றாள்.

நான் அவளுக்கு மூச்சு சீராக வருகிறதா என்று மட்டும் பார்த்தேன். வந்துகொண்டிருந்தது.